பட்டியலிலிருந்து எடுக்கப்பட்ட பெயர்

"யாருங்க அவ?"

வானிலை அலுவலகத்திலிருந்து வந்த கணவர் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எவ?"

"இனிமே வரப்போற புயலுக்கெல்லாம் இப்பவே பேர் வச்சுப் பட்டியல் போடுறீங்களாம். அதுல ஒரு பொண்ணு பேரை எடுத்தே ஆகணும்னு மீட்டிங்ல மல்லுக்கு நின்னீங்களாம். உங்க மேலதிகாரி சம்சாரம் போன்ல சொன்னாங்க."

"அந்தப் பேர் உள்ளவங்க யாராவது வருத்தப்படுவாங்கன்னுதான்..."

"மழுப்பாதீங்க. உங்க தங்கச்சி பேர்ல புயல் வந்தப்போ விழுந்து விழுந்து சிரிச்சவர்தானே நீங்க?"

அவர் குனிந்து செருப்பைக் கழற்றத் தொடங்கினார். கல்யாணமாகிப் பதினாறு வருஷம். இத்தனை நாளும் இவர் மனசுக்குள் இப்படி ஒருத்தியா?

"இப்ப எங்க இருக்கா?"

"உயிரோட இல்ல."

"நான் அவளைப் பார்த்திருக்கேனா?"

"இல்ல" என்று நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "முதல் பிரசவத்துல நீ ரெண்டு நாள் நினைவில்லாம கிடந்தியே... குழந்தையை அடக்கம் பண்ணணும்னா ஃபாரத்துல பேர் எழுதணும்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. மனசுல வந்ததை எழுதினேன். உன்கிட்ட சொல்லத் தைரியம் வரல. நாளைக்கு டிவியில அந்தப் பேரைச் சொல்லி, இத்தனை பேரைக் கொன்னுட்டு கரையைக் கடந்துட்டாள்னு சொன்னா, நான் எப்படிம்மா காது கொடுத்துக் கேட்பேன்?"

அவள் அவர் அருகே வந்து உட்கார்ந்தாள். ஆத்திரத்தில் அதுவரை வாயால் சொல்லாத அந்தப் பெயரை மெல்ல ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"நல்ல பேராத்தான் வச்சிருக்கீங்க" என்றாள்.