ஆறடி அலை

அக்காவின் வேலை, கடற்கரைகளுக்கான அலை நிலவரத்தைக் கணித்துச் சொல்வது. தம்பி ஒரு கடற்கரையில் அலைச்சறுக்குப் பள்ளி நடத்துகிறான். கணிப்பு தப்பும்போதெல்லாம் முதல் திட்டு அவனிடமிருந்துதான் வரும்.

அன்று காலையும் போன் அடித்தது.

"ஆறடி அலைன்னு போட்டிருக்கியேக்கா, கடல் தட்டு மாதிரி கிடக்கு. கத்துக்க வந்தவங்க எல்லாம் என் மூஞ்சியப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. உன்னை நம்பி எத்தனை தடவைதான் நான் அசிங்கப்படுறது?"

அவளுக்கும் எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கடற்கரையின் கேமராவை நேரலையில் திறந்தாள். ஆறடிக்கும் மேலே எழுந்து எழுந்து உடைந்துகொண்டிருந்தன அலைகள். சறுக்குப் பலகையைக் கக்கத்தில் இடுக்கியபடி, போனும் காதுமாகத் தம்பி தண்ணீரோரம் நின்றிருந்தான்.

"கண்ணைத் திறந்து பாருடா. உன் முன்னாடிதானே வருது!"

"என்ன வருது? காத்துகூட வரல."

திரையில் அவனைவிட உயரமாக ஓர் அலை எழுந்தது. அவள் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள்.

"பின்னாடி ஓடுடா! ஓடு!"

"எதுக்கு ஓடணும்? காலே நனையல. தப்பை ஒத்துக்கச் சொன்னா இப்படித்தான் பேச்சை மாத்துவ."

அலை அவன்மேல் கவிழ்ந்தது. தண்ணீர் வடிந்தபோது மணலில் பலகை மட்டும் கிடந்தது.

காதில் அவன் விடாமல் திட்டிக்கொண்டிருந்தான். இதோ ஓய்ந்துவிடுவான் என்று தோன்றும்போதெல்லாம், அவள் இன்னும் கொஞ்சம் எதிர்த்துப் பேசினாள்.