உத்தரத்தின் நிழல்

ஊரப்பாக்கத்தில் பாதி கட்டிய அடுக்குமாடியின் கூடத்தை விளம்பரத்துக்காக வரைந்துகொண்டிருக்கிறாள் ஹேமாவதி. படப் பலகையின் நடுவே, கோடுகள் தொலைவில் கூடும் புள்ளியில் அடித்த ஆணியிலிருந்து நூலை இழுத்துப் பிடிக்கிறாள். தரையின் ஓரம், ஜன்னல் விளிம்பு எல்லாம் அந்த ஆணியை நோக்கிப் பிசகாமல் ஓடுகின்றன. உத்தரம் மட்டும் ஒத்துவரவில்லை. காலையில் அதை நேர்கோடாக வரைந்தாள். இப்போது நிஜ உத்தரம் நடுவில் தொய்ந்து தெரிகிறது. கண் களைத்துவிட்டது என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறாள். ஆனால் சாயங்கால வெயிலில் சுவரில் விழுந்த அதன் நிழலும் வில்லாக வளைந்திருக்கிறது. மேல்தளத்தில் செங்கல்லைக் கொட்டுகிறார்கள். காரைத் தூள் அவள் பூசிய ஈரமான மஞ்சள் வெளிச்சத்தின்மீது உதிர்கிறது. உத்தரத்தைத் தாங்கி நின்ற இரண்டு சவுக்குக் கழிகளை, பார்வையை மறைக்கின்றன என்று காலையில் எடுக்கச் சொன்னது அவள்தான். "லோகு அண்ணா, எல்லாரையும் கூட்டிட்டு உடனே கீழ வாங்க!" என்று கத்துகிறாள். "இன்னாம்மா, படம் முட்ச்சிட்டியா?" கொத்தனார் லோகு மேலிருந்து சிரிக்கிறார். "இரு, எல்லாரும் பாக்க வர்றோம்." செங்கல் சத்தம் நிற்கிறது. செருப்புகள் படியில் தடதடவென்று இறங்குகின்றன. கூடத்துக்குள் வரும் வழி அந்த உத்தரத்துக்கு நேர்கீழே இருக்கிறது.