கெட்டிலுக்கு ஒரு போர்டு

"காலையில அப்பா டீக்குக் கெட்டிலைப் போட்டா, என் போனுக்கு ஒரு மெசேஜ் வரணும். அதுக்குக் கெட்டிலோட இணைக்க எந்த மைக்ரோகண்ட்ரோலர் போர்டு சரியா இருக்கும்?" என்று கேட்டார் ஷிராய்ஷி.

அகிஹாபரா மின்சாதனக் கடைத்தெருவில், ரயில் பாலத்துக்கு அடியில் இருந்தது குவாபராவின் எலக்ட்ரானிக்ஸ் கடை. கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் இடிக்கும். ஆனால், 'குவாபரா எடுத்துக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்' என்று அந்த வட்டாரத்தில் பெயர்.

"அப்பா தனியா இருக்காரா?"

"ஆமா, செண்டாய்ல. அம்மா போனதுலேர்ந்து தனிதான். தினமும் சாயங்காலம் போன் பண்றேன். 'உயிரோடதான் இருக்கேன், வை'ம்பார். அதுக்கு மேல அவருக்கும் பேச ஒண்ணும் இல்ல, எனக்கும் இல்ல. இதைப் பொருத்திட்டா, டீ போட்டாச்சு, நல்லா இருக்கார்னு தெரிஞ்சுடும்."

"அப்புறம் போன் பண்ண வேண்டாம்."

"வேண்டாம்ல?" ஷிராய்ஷி சிரித்தார்.

குவாபரா சிரிக்கவில்லை. இழுப்பறையிலிருந்து இரண்டு போர்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று கறுப்பு, மற்றது நீலம்.

"கறுப்பு நல்லா இருக்கும்னு கேள்விப்பட்டேனே?"

"உங்களுக்கு அது வேண்டாம். நீலத்தை எடுத்துக்குங்க."

"வைஃபை விட்டுப் போகாதே?"

தலைக்கு மேல் ரயில் தடதடத்துப் போனது. அது போய் முடிந்ததும் குவாபரா நீல போர்டைப் பையில் போட்டார்.

"போகாது."

ஷிராய்ஷி குனிந்து வணங்கி, பையை வாங்கிக்கொண்டு போனார்.

பக்கத்துக் கடையில் வயர் விற்கும் எய்கோவுக்குப் பாம்புக் காது. தலையை நீட்டினாள்.

"குவாபரா-சான், அந்த நீலம் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை வைஃபையை விட்டுட்டு முழிக்குமே. அதை யார் தலையிலயும் கட்டக் கூடாதுன்னு ஓரமாப் போட்டு வச்சதே நீங்கதானே?"

"ஆமா."

"பாவம், மெசேஜ் வரலேன்னா அந்த மனுஷன் பதறிப்போய் அப்பாவுக்குப் போன் போடுவார்."

"போடட்டும்."

"அடுத்த வாரமே இங்க வந்து கத்துவார். இத்தனை வருஷமா சம்பாதிச்ச பேரு போயிடும்."

"போகட்டும், எய்கோ-சான்."

"வயசாயிடுச்சு உங்களுக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் தன் வயர்ச் சுருள்களுக்குத் திரும்பினாள்.

குவாபரா பொய் சொல்லி விற்றுப் பழக்கமில்லாத மனிதர். கடையைச் சாத்தும்வரை அந்தப் பொய் நெஞ்சை உறுத்திக்கொண்டே இருந்தது. கறுப்பையே கொடுத்திருக்கலாமோ என்று ஒரு தடவை தெருவை எட்டிக்கூடப் பார்த்தார். கூட்டத்தில் ஷிராய்ஷியைக் காணவில்லை.

வீட்டுக்கு வந்தார். விளக்கைப் போட்டார். வழியில் வாங்கிய சோற்று உருண்டைகளை மேஜையில் வைத்துவிட்டு, டீக்காகக் கெட்டிலைப் போட்டார்.

அலமாரித் தட்டில் இருந்த கறுப்பு போர்டில் பச்சை விளக்கு ஒரு தடவை மின்னி அணைந்தது. ஒசாகாவில் இருக்கும் மகனுக்கு மெசேஜ் போய்விட்டது.

கடையில் இருந்ததிலேயே சிறந்ததாகப் பார்த்து, குவாபராவே மகனுக்கு எடுத்துக் கொடுத்த போர்டு அது. பொருத்திய நாளிலிருந்து அது ஒரு தடவைகூடத் தவறியதில்லை, மகனும் ஒரு தடவைகூடப் போன் செய்ததில்லை.