மூன்று பாய்மரங்களும் ஒரு டப்பா பசையும்

"மச்சான், இருக்கற வேலையை அப்படியே போட்டுட்டு ஓடி வா. உங்கக்காவோட கப்பலை உடைச்சிட்டேன்!"

போனில் பேசிய தன் குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. பஸ் டிப்போவில் நாற்பது டிரைவர்களை ஒரே அதட்டலில் நிறுத்தி வைக்கிற டைம்கீப்பர் அவர். லீவு நாளும் அதுவுமாகச் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் போனும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்.

மேசை முழுக்கக் கப்பல்தான். இரண்டரை வருடமாக அவர் மனைவி செய்தது. பகலெல்லாம் பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறவள், வீட்டுக்கு வந்தால் மரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். உலகத்தில் எந்தக் கடலிலும் ஓடாத ஒரு கப்பலைத் தானே கற்பனை செய்து, நாற்பது தாளில் வரைந்து, கடையில் ரெடிமேடாக விற்கிற பாகம் ஒன்றுகூட வாங்காமல், பழப்பெட்டிப் பலகைகளை இழைத்தும் வளைத்தும் கட்டியிருந்தாள். மீன் வயிறு போல அடிப்பகுதி. பூச்சி இறக்கை மாதிரி பாய்கள். நடுப் பாய்மரத்தின் உச்சியில் கேப்டனுக்கு ஒரு குட்டி வீடு. நாளைக் காலை பத்து மணிக்கு மாதிரிக் கப்பல் போட்டிக்குப் போக வேண்டியது, இப்போது மூன்று பாய்மரமும் சாய்ந்து கிடந்தது.

மச்சான் குழாய் ரிப்பேர் செய்பவன். பத்தே நிமிஷத்தில் பையோடு வந்து சேர்ந்தான்.

"எப்படி ஆச்சு மாமா?"

"பேனாவைத் தேடினேன்டா. பின்பக்கம் ஒரு நூல் தொங்கிட்டிருந்தது, விரல்ல மாட்டிக்கிச்சு. கையை இழுத்தேன், மூணும் விழுந்துடுச்சு."

"அக்காகிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லிடுங்களேன்."

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது? நான் பேசின பேச்சு கொஞ்சமா? 'கப்பல் எப்பம்மா கிளம்புது, டிக்கெட் போடணுமா'ன்னு வர்றவங்க போறவங்க முன்னாடியெல்லாம் கிண்டல் பண்ணியிருக்கேன். வேணும்னே தள்ளிவிட்டேன்னுதான் நினைப்பா. அவ இடத்துல நான் இருந்தா நானும் அப்படித்தான் நினைப்பேன்."

அதுதான் அவரை அரித்தது. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். ஒன்றும் பேசாமல் ஒரு பார்வை பார்த்தால் என்ன செய்வது?

மச்சான் குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "முறிஞ்ச மாதிரி தெரியலையே மாமா. ஒவ்வொண்ணுக்கும் அடியில பித்தளையா ஏதோ இருக்கு. சுத்தி ஓட்டையா வேற இருக்கு."

"உடைஞ்சதோட மிச்சமா இருக்கும். ஏதாவது செய்டா."

ஓட்டை என்று ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டால் குழாய்க்காரனுக்கு இருப்புக் கொள்ளுமா? பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தான். "தண்ணித் தொட்டி வெடிப்புக்குப் போடற பசை. காய்ஞ்சிட்டா யானை கட்டி இழுத்தாலும் அசையாது."

ஓட்டைகளை நிரம்ப நிரம்ப அடைத்தார்கள். பசை இறுகும்வரை ஒவ்வொரு பாய்மரமாக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார் டைம்கீப்பர். அப்போதுதான் கப்பலை அவ்வளவு பக்கத்தில் பார்த்தார். நூலேணியில் ஒவ்வொரு படிக்கும் தனித்தனி முடிச்சு. கேப்டன் வீட்டு ஜன்னல் வழியே உள்ளே எட்டிப் பார்த்தால் மேசை, அதன் மேல் கடுகளவு விளக்கு, பக்கத்தில் இரண்டு நாற்காலிகள். இத்தனை நாள் இதே கூடத்தில் நடமாடியும் ஒரு தடவைகூட அவர் குனிந்து பார்த்ததில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

சாயங்காலம் அவள் வந்தபோது மூன்று பாய்மரங்களும் நிமிர்ந்து நின்றன. ஒட்டிய தடம்கூடத் தெரியவில்லை. 'வாயைத் திறக்காதீங்க' என்று மச்சான் கண்ஜாடை காட்டினான்.

"என்னடா, நீ எப்ப வந்தே?" என்றபடி செருப்பைக் கழற்றினாள் அவள்.

அவ்வளவுதான். அந்தச் சாதாரணக் கேள்விக்கே அவர் உடைந்துவிட்டார்.

"நான்தான் வரச் சொன்னேன். உன் கப்பலை உடைச்சிட்டேன். நூலு கையில மாட்டி மூணு பாய்மரமும் விழுந்துடுச்சு. சத்தியமா வேணும்னு செய்யலை. ரெண்டு பேருமா ஒட்டி நிக்க வச்சிருக்கோம். கிண்டல் பண்ணினதுக்கெல்லாம் சேர்த்து மன்னிச்சுடு. எனக்கே என்னை நினைச்சா அசிங்கமா இருக்கு."

அவள் முகத்தில் கோபம் வரவில்லை. "ஒட்டிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

கப்பலின் பின்பக்கம் போய், அந்த நூலை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுத்தாள். பாய்மரங்கள் இம்மியும் அசையவில்லை.

"எப்படிக்கா, கெட்டியா இருக்குல்ல?" என்றான் மச்சான் பெருமையாக.

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க எதையும் உடைக்கலைங்க. நூலை இழுத்தா மூணும் மடங்கிப் படுக்கணும். அதுக்குத்தான் அடியில பித்தளைக் கீல் வச்சேன். ஏழு மாசம் மல்லுக்கட்டி, நேத்துதான் சரியா வந்துச்சு. நாளைக்கு உங்களைப் பக்கத்துல நிக்க வச்சுக்கிட்டுக் காட்டலாம்னு இருந்தேன்."

"ஐயோ... அப்ப போட்டி?" என்றார் அவர்.

"போட்டிக்கு நின்னபடியே போகலாம். கீல் வேணும்னு அங்க யாரும் கேக்கலை" என்றாள் அவள், நூலை விடாமலே. "போட்டி முடிஞ்சதும் மடக்கிக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டா, நீங்க மடியில தட்டை வச்சுக்கிட்டுச் சாப்பிடாம இந்த மேசையில நிம்மதியா உட்காரலாமேன்னுதான் அதைச் செஞ்சேன்."