உள்பக்கம் சாய்ந்த பலகை

மலாயாவின் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில், மீரான் ராவுத்தரின் பாய்மரப் படகில் மோட்டார் மாட்டும் பின்பலகையை வெள்ளைச்சாமி ஆசாரி மறுபடியும் எரிச்சலோடு மாற்றினார்.

"இன்னொரு தடவை உடைஞ்சா சீனன் பட்டறைக்குப் போயிருவேன், ஆசாரி."

மோட்டார் விசிறி தண்ணீரைத் தள்ளும்போது பலகையின் மேல்விளிம்பு வெளிப்பக்கம்தான் இழுபடும். அதைத் தாங்கவே இரும்புப் பட்டை அடித்திருந்தார். பலகையோ ஒவ்வொரு முறையும் உள்பக்கம் சாய்ந்தே முறிந்தது.

"பின்னாலேருந்து யாராவது தள்ளினாத்தான் இப்படி முறியும், ராவுத்தரே."

"கடல்ல யாரு நின்னு தள்ளுவா லா?"

குற்றம் மோட்டாரிலா, பலகையிலா என்று பார்க்க, மோட்டாரைக் கரையில் வைத்துவிட்டு இருவரும் பாய் விரித்துப் போனார்கள். நடுக்கடலில் காற்று நின்றது. பாய் துவண்டு தொங்கியது. ராவுத்தர் துடுப்பை எடுக்கக் குனிந்தார்.

பலகை முனகியபடி உள்பக்கம் சாய்ந்தது. படகு நகர்ந்தது.

முறிந்துவிடக் கூடாதே என்று ஆசாரி உள்ளிருந்து தோள்கொடுத்தார். படகு வேகமெடுத்தது.