மாணவர் எண் பதினாலு

"குழாய் ஒழுகுதுன்னு ஆறு மாசமா சொல்றோம். மாடியில இருக்கற ஹவுஸ் ஓனர் காதுலயே போட்டுக்கல. பேசாம வேற வீடு பார்த்துடலாம்," என்றான் கணவன்.

"போற இடத்துலயும் ஏமாறக் கூடாதுன்னுதானே இதைப் படிக்கறேன்? சும்மா இருங்க, கிளாஸ் ஆரம்பிச்சாச்சு," என்று அவள் இயர்போனைச் செருகிக்கொண்டாள். ஏதோ ஒரு கல்லூரி ஆன்லைனில் நடத்தும் ரியல் எஸ்டேட் அடிப்படைப் பாடம் அது.

முகமே காட்டாத மாணவர் எண் பதினாலு, வழக்கம்போல டைப் அடித்துக் கேட்டார்: 'தங்கமான குடித்தனக்காரங்க சார். காலி பண்ணிடுவாங்க போலிருக்கு. எப்படித் தடுக்கறது?'

யார் இந்தப் புண்ணியவான்? நமக்கு இப்படி ஒரு ஓனர் வாய்க்கலையே என்று அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

ஆசிரியர் சிரித்தார். "முதல்ல நேர்ல போய், என்ன குறைன்னு கேளுங்க."

ஐந்தே நிமிடத்தில் வாசல் மணி அடித்தது. போனும் கையுமாகப் போய்க் கதவைத் திறந்தாள். ஹவுஸ் ஓனர்! கையில் ஸ்பேனர், கழுத்தில் ஹெட்போன்.

"அந்தக் குழாய்... இப்பப் பார்க்கட்டுமா?" என்றார், தரையைப் பார்த்தபடி.

"பதினாலு, லைன்ல இருக்கீங்களா?" ஆசிரியரின் குரல் அவள் காதிலும் கேட்டது, அவர் கழுத்திலும் கேட்டது.

அவள் மைக்கை ஆன் செய்தாள்.

"இங்கதான் சார் இருக்காரு. குழாயைச் சரி பண்ணினதும் அனுப்பி வைக்கறேன்!"