போகிறவளுக்கு ஒரு வரைபடம்

சர்ரென்று பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடுகிறாள் மனைவி. இனி இந்த வீட்டுக்குத் திரும்புவதாக இல்லை. கணவன் ஓடிவந்து கைப்பேசியை நீட்டுகிறான். "ஒரு நிமிஷம் பாரும்மா. நான் மாத்திக்க வேண்டியதை எல்லாம் இந்த ஆப்ல படமாவே போட்டுட்டேன். இனிமே எதையும் மறக்க மாட்டேன்." திரையில் நடுவட்டம் ஒன்றிலிருந்து பச்சையும் மஞ்சளுமாகக் கிளைகள் நண்டுக்கால்கள் போல விரிகின்றன; ஒவ்வொரு கிளையிலும் ஒரு தலைப்பு, அதன் கீழே ஒரு பட்டியல். அந்த வெளிச்சம் அவள் மோவாயில் விழுகிறது. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, கிளை கிளையாகத் தேடுகிறாள். வாசலில் டாக்சி ஹாரன் அடிக்கிறது. "கலர் எல்லாம் நல்லா வந்திருக்குல்ல?" என்கிறான். அவள் விரல் ஒரு மூலையில் நிற்கிறது. கைப்பேசியை அவன் கையிலேயே மெல்ல வைக்கிறாள்.

"நட்டநடுவுல நீங்க இருக்கீங்க. நான் வீட்டு வேலைங்கிற கிளையில, தண்ணித் தொட்டி கழுவுறதுக்கும் கீழ இருக்கேங்க."